கடைசி மேசைக்காரி

பஸ் நின்றதும் நாங்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து, ஊஞ்சலும் சறுக்குமரமும் எங்கே என்று தேடினோம்.

தென்மேற்குச் சீனாவின் குய்ஜோ மலைகளை விட்டுக் கிளம்பி ஒரு முழு இரவும் மறுநாள் பகலும் உட்கார்ந்தே வந்திருந்தோம். கால்கள் வீங்கியிருந்தன. ஆனாலும் ஒருத்திக்கும் அலுப்பில்லை. தொழிற்கல்விப் பள்ளியில் பாலர் ஆசிரியைப் படிப்பு எங்களுக்குக் கடைசி வருஷம். சூஜோ பக்கத்தில் பெரிய பாலர் பள்ளி ஒன்றில் பயிற்சி, நன்றாகச் செய்தால் அங்கேயே வேலை என்று ஃபாங் டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா எனக்கு மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்று பின்னிக் கொடுத்திருந்தாள். குழந்தைகளுக்கு மஞ்சள் என்றால் பிடிக்குமாம்.

வெளியே நின்றது நீளமான ஒரு சாம்பல் நிறக் கட்டடம். அதில் ஜன்னலே இல்லை.

"டீச்சர், ஸ்கூல் எங்க?" என்று கேட்டாள் மான்லி. அவள் என் பக்கத்து ஊர்க்காரி, மூன்று வருஷமாக விடுதியில் ஒரே அடுக்குக் கட்டிலில் மேலும் கீழுமாகப் படுத்தவள்.

ஃபாங் டீச்சர் பஸ்ஸின் நடுவில் வந்து நின்றார். எங்களைவிடப் பத்து வயது பெரியவராக இருந்தால் அதிகம். வயிற்றுவலி வந்தால் இஞ்சிவெல்லத் தண்ணீர் போட்டுக் கொடுப்பார், தலை வாரிவிடுவார். வீட்டுக்குப் போன் செய்யும்போது அம்மாவிடம் என்னைப் பற்றிப் பேசியதைவிட அவரைப் பற்றிப் பேசியதுதான் அதிகம் இருக்கும்.

"கண்ணுங்களா, முதல்ல மூணு மாசம் இந்த பேக்டரில இருக்கணுமாம். இவங்க முத்திரை வைக்கலேன்னா டிப்ளமா தரமாட்டாங்களாம். எனக்கே நேத்துதான் சொன்னாங்க." அவர் குரல் உடைந்தது. "என்ன மன்னிச்சிடுங்க. நான் உங்களோடயே இருக்கேன். சரியா?"

அவர் கண்ணில் நீர் தளும்பியது. நாங்கள்தான் எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்துச் சமாதானப்படுத்தினோம்.

உள்ளே வெள்ளையைத் தவிர வேறு நிறமே கிடையாது. தலை முதல் கால் வரை மூடும் வெள்ளை உடுப்பு, வெள்ளை முகமூடி, வெள்ளைக் கையுறை. கண்கள் மட்டும்தான் வெளியே தெரியும். உள்ளே போகும் முன் ஒரு சின்னக் கூண்டுக்குள் நிற்க வேண்டும். கதவு பூட்டிக்கொள்ளும். நான்கு பக்கமிருந்தும் காற்று உறுமிக்கொண்டு அடித்து, உடம்பில் ஒட்டிய தூசியைத் தட்டிவிடும். அப்புறம்தான் அடுத்த கதவு திறக்கும்.

வேலை கடினமில்லை. செல்போன் கண்ணாடிகள் தட்டுத் தட்டாக வரும். துணியை ஒரு ரசாயன மருந்தில் நனைத்துத் துடைக்க வேண்டும். தொட்டவுடன் காய்ந்துவிடும் மருந்து அது. பெட்ரோலும் அழுகின பழமும் கலந்தமாதிரி ஒரு வாடை. முதல் வாரம் தலை சுற்றியது. பிறகு அந்த வாடை தெரியாமலே போய்விட்டது. விடுதிக்கு வந்து சோறு தின்னும்போதுதான் தொண்டைக்குள்ளிருந்து கிளம்பும்.

"இந்த ஊர்ல இறைச்சிக் குழம்புலகூடச் சர்க்கரை போடுறாங்க டி. மருந்து வாடையே தேவலாம்" என்பாள் மான்லி. ஊரிலிருந்து கொண்டுவந்த மிளகாய் விழுதை அவள் விரலால் தொட்டுத் தொட்டுத்தான் சாப்பிடுவாள்.

எங்கள் வரிசையில் என்னுடையது கடைசிக்கு முந்தின மேசை. மான்லி எனக்கு எதிரே. எனக்கு வலப்பக்கம் இருந்த கடைசி மேசை காலி.

காலி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம், தட்டு மாற்றுவதற்காகத் திரும்பினேன். அங்கே ஒருத்தி உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் போலவே வெள்ளை உடுப்பு. குனிந்த தலை. புதுசாக யாரோ வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் துடைத்த விதம் விசித்திரமாக இருந்தது. மணிக்கட்டு தொங்கியது. விரல்கள் துணியைப் பிடிக்கவில்லை. தோளிலிருந்து முழுக் கையையும் தூக்கித் தூக்கிப் போட்டு, ஈரமான கயிற்றை இழுப்பதுபோல் கண்ணாடிமேல் இழுத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் லைன் லீடரிடம் கேட்டேன். அவனும் எங்கள் வயசுப் பையன்தான்.

"கடைசி மேசையா? அங்க யாரும் இல்லையே. மேல காத்து உறிஞ்சற மெஷின் அந்த எடத்துல ஓடல. போன வருஷத்துலேர்ந்து காலியாத்தான் கெடக்கு" என்றான். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ராத்திரி ஒழுங்காத் தூங்கு."

அந்த வாரம் மான்லியின் சாப்பாட்டுக் குச்சிகள் நழுவ ஆரம்பித்தன. முதலில் சிரித்தோம். "கிழவியாயிட்டேன் டி, பல்லும் விழும் பாரு" என்றாள். அப்புறம் சட்டைப் பொத்தானை நான் போட்டுவிட வேண்டியதாயிற்று. விடுதிப் படியில் அவள் பாதம் மடங்கி விழுந்தபோது இருவருமே சிரிக்கவில்லை.

ஃபாங் டீச்சர் வந்து அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துத் தேய்த்துவிட்டார். "இந்த ஊரு ஈரக்காத்து நம்ம உடம்புக்கு ஆகல. ரெண்டு சாக்ஸ் போட்டுக்க" என்றார்.

மறுநாள் கடைசி மேசையில் அவள் மறுபடி இருந்தாள்.

இந்த முறை நான் தலையைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் ஓட்டினேன். அந்த அறையில் நிழல் விழாது, அவ்வளவு வெளிச்சம். எல்லோருடைய கண்ணிலும் அந்த வெளிச்சம் புள்ளி புள்ளியாக மின்னும்.

அவள் கண்ணில் மின்னவில்லை.

நாள்கணக்கில் துடைக்காமல் விட்ட கண்ணாடிபோல் மங்கிக் கிடந்தது.

அவள் துணியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் மேசைமேல் கொண்டுவந்து முட்டியாக மடித்தாள். பிறகு ஒரு விரலை மெல்ல நிமிர்த்தினாள். அது பாதியில் சாய்ந்தது. இன்னொரு கையால் தாங்கி நிமிர்த்தினாள். அடுத்த விரல். அதற்கடுத்தது.

அதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன்.

அது காளான் விளையாட்டு. 'மலைமேல மழை பெஞ்சுதாம், சின்னக் காளான் எட்டிப் பாத்துதாம்' என்று பாடிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக விரிப்போம். குழந்தைகளுக்குச் சொல்லித்தர ஃபாங் டீச்சர் தானே கட்டிய பாட்டு. மற்ற விரல் விளையாட்டெல்லாம் கட்டைவிரலில் தொடங்கும். இது மட்டும் சுண்டுவிரலில் தொடங்கும். எங்கள் பள்ளிக்கு வெளியே யாருக்கும் அது தெரியாது.

அவள் சுண்டுவிரலில்தான் தொடங்கினாள்.

ஐந்து விரலும் விரிந்ததும் அந்தக் கை என் பக்கம் நீண்டது. என் மணிக்கட்டைப் பிடித்தது. பிடி என்று சொல்ல முடியாது, மேலே விழுந்து கிடந்தது. கையுறைக்கு உள்ளே வெறும் ஈரத்துணி அடைத்து வைத்ததுபோல் இருந்தது. அது என் கையை மருந்துத் துணியிலிருந்து மெதுவாக விலக்கியது.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை. மான்லி நிமிர்ந்து பார்த்தாள். மேசை காலி.

வேலை முடிந்து உடுப்பை ஒப்படைக்கும் அறையில் உடுப்பைக் கழற்றாமலே நின்றேன். அங்கே உடுப்புகளை எண்ணி வாங்குகிற சாவ் அக்கா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள். நடுத்தர வயசு, அதிகம் பேசாதவள்.

"கடைசி மேசையா?" என்றாள்.

தலையாட்டினேன்.

"போன வருஷம் உங்க ஸ்கூல்லேர்ந்து வந்த பொண்ணு அங்கதான் உக்காந்திருந்துச்சு. யுன்ஷியான்னு பேரு. வாயைத் தொறந்தா பாட்டுதான். கடைசில கால இழுத்து இழுத்து நடந்துச்சு. அப்புறம் ஒருநாள் வரல. எவனோடயோ ஓடிட்டான்னு உங்க டீச்சர் சொன்னாங்க."

"எந்த டீச்சர்?"

"அதான், இப்ப வந்திருக்காங்களே. போன வருஷமும் அவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க."

'எனக்கே நேத்துதான் சொன்னாங்க' என்று பஸ்ஸில் அழுத முகம் என் கண்முன் வந்து நின்றது. சாவ் அக்காவுக்கு ஆள் அடையாளம் மாறியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நேரே டீச்சர் அறைக்குப் போனேன். யுன்ஷியாவைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. மான்லியால் நடக்க முடியவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

"இவ்வளவு ஆயிடுச்சா? ஏன் கண்ணு முன்னாடியே சொல்லல? நாளைக்குக் காலைல நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் மடியில் முகத்தை வைத்து அழுதேன். அவர் என் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார்.

காலையில் டாக்சி வந்தது. ஃபாங் டீச்சர் மான்லியைத் தன் முதுகில் சுமந்து போய் ஏற்றினார். "டாக்டர் அழகா இருந்தா உனக்கும் சேத்து நம்பர் வாங்கிட்டு வரேன்" என்று மான்லி கையாட்டினாள். அந்தக் கை மணிக்கட்டிலிருந்து தொங்கியது.

நான் உள்ளே போய் மேசையில் உட்கார்ந்தேன். எதிரே மான்லியின் இடம் வெறுமையாக இருந்தது. காற்று இயந்திரங்கள் ஒரே சுருதியில் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

வலப்பக்கம் நாற்காலி நகர்ந்தது.

நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தேன்.

விளையாட்டு இல்லை, விரல்கள் இல்லை. உடுப்பு உரசும் சத்தம் மட்டும் அருகே வந்தது. என் காதை மூடியிருந்த துணியின்மேல் இன்னொரு முகமூடி வந்து ஒட்டியது. மூச்சு படவில்லை. அந்த மருந்து வாடை மட்டும் குப்பென்று அடித்தது.

"ஆஸ்பத்திரி இல்ல."

கையிலிருந்த கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது.

"பஸ்."

நான் எழுந்து ஓடினேன். லைன் லீடர் பின்னால் கத்திக்கொண்டு வந்தான். காற்றுக் கூண்டுக்குள் பாய்ந்து கதவைச் சாத்தினேன். பூட்டிக்கொண்டது. காற்று உறுமியது. என் உடுப்பு படபடவென்று அடித்துக்கொண்டது.

எனக்குப் பின்னாலும் ஓர் உடுப்பு படபடத்துக்கொண்டிருந்தது.

கதவு திறக்கிறவரை கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றேன்.

மான்லியின் போன் அணைந்திருந்தது. வெள்ளை உடுப்போடு தெருவில் ஓடி ஒரு வண்டியை மறித்து, வெளியூர் பஸ் நிலையத்துக்குப் போகச் சொன்னேன். குய்ஜோவுக்குப் போகும் படுக்கை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. ஏறிப் பார்த்தேன். கீழ்ப் படுக்கையில் போர்வைக்குள் மான்லி கிடந்தாள். தலைமாட்டில் ஒரு பையில் பேரிக்காய்கள்.

"நீ எங்கடி இங்க?" என்று விழித்தாள். "இங்க ஆஸ்பத்திரிங்க சரியில்லையாம். ஊருக்குப் போயிப் பாத்துக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க. போன சார்ஜ் போட்டு அப்புறம் அனுப்பறாங்களாம்."

அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினேன். படிக்குக் கீழே ஃபாங் டீச்சர் நின்றிருந்தார். மான்லியின் போன் அவர் கையில் இருந்தது.

"சுன்யான், அவள மறுபடி ஏத்து. சத்தம் போடாத. எல்லாரும் பாக்கறாங்க."

"மான்லி எவனோடயோ ஓடிட்டான்னு இன்னிக்கு சாயந்திரம் சொல்லப் போறீங்களா டீச்சர்? யுன்ஷியாவுக்குச் சொன்ன மாதிரி?"

அவர் முகத்திலிருந்த அத்தனை கனிவும் வடிந்துபோனது. அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அது சோர்ந்த, பயந்த, எனக்குத் தெரியாத யாரோ ஒருத்தியின் முகம்.

"யுன்ஷியாவ பஸ் ஏத்திவிடறப்ப அவ நல்லாத்தான் இருந்தா" என்று கிசுகிசுத்தார். "வழியில பஸ்ஸ நிறுத்தினப்ப எறங்கியிருக்கா. ரோட்டத் தாண்டறப்ப கால் வரல. லாரி வந்துடுச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? எனக்கும் மேல ஆளு இருக்கு. ஏழு வருஷமா தற்காலிக வேலைதான். உங்கள மூணு மாசம் இங்க நிக்கவச்சாத்தான் எனக்கு நிரந்தரம். அவள எனக்கு ரொம்பப் பிடிக்கும், சுன்யான். சத்தியமா."

அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எங்களையும் அவருக்குப் பிடிக்கும்.

"அவ இன்னும் கடைசி மேசைலதான் உக்காந்திருக்கா டீச்சர். காளான் விளையாட்டு விளையாடறா."

ஃபாங் டீச்சர் என் பக்கம் ஓரடி வந்தார்.

"எந்த வெரல்லேர்ந்து?"

"சுண்டுவெரல்."

அவர் போனை மான்லியின் கையில் வைத்தார். அது பிடிமானமில்லாமல் தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் எங்கள் கைகளை மோந்து பார்த்தார். அந்த மருந்துதான் நரம்பைத் தின்றிருக்கிறது என்றார். எனக்கு விரல் நுனிகளோடு நின்றது. மான்லி பல மாதம் படுக்கையில் கிடந்து, பிறகு குழந்தைபோல் நடை பழகி, கைத்தடியோடு எழுந்தாள்.

பள்ளியில் விசாரணை நடந்தது. எங்கள் வகுப்பே வரிசையாக வந்து, ஃபாங் டீச்சர் சொந்த அக்கா மாதிரி பார்த்துக்கொண்டார், சுன்யானும் மான்லியும்தான் சொல்பேச்சுக் கேட்காதவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. என் தலைமயிரைப் பின்னிவிட்டவள், என் போர்வைக்குள் படுத்தவள், ஒருத்தியும் என் கண்ணைப் பார்க்கவில்லை. அவர்களுக்கு டிப்ளமா கிடைத்தது. எங்களுக்கு இல்லை. யுன்ஷியாவின் பெயரை எழுப்பியபோது, அப்படி ஒரு மாணவி பாதியில் படிப்பை விட்டுப் போனாள் என்றார்கள், அவ்வளவுதான்.

டிப்ளமா இல்லாமல் எந்தப் பாலர் பள்ளியும் எங்களை வாசலில்கூட நிற்கவிடவில்லை. எங்கள் வட்டார நகரத்தின் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு புளிரச நூடுல்ஸ் கடையில் எனக்கு வேலை கிடைத்தது. மான்லி ஸ்டூலில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்வாள். விரல் சொன்னபடி கேட்காத நாளில் இலைகளைத் திட்டுவாள்.

செப்டம்பரில், வெயில் நன்றாக ஏறின ஒரு முற்பகலில், எதிரே ஒரு பஸ் வந்து நின்றது. பெட்டிகளோடு பெண்கள் கூட்டமாக வந்தார்கள். புது ஸ்வெட்டர்களும் புது ஷூக்களுமாக இருந்தார்கள். நடுவில் ஃபாங் டீச்சர், ஒருத்தியின் காலரைச் சரிசெய்துகொண்டு.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"போகாதீங்க! அது ஸ்கூல் இல்ல, பேக்டரி. என் கையப் பாருங்க. அதோ, அவ காலப் பாருங்க."

பெண்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். ஒருத்தி சிரித்தாள்.

"டிப்ளமா வாங்காத அக்காதானே நீங்க? இப்படி ஒருத்தி வந்து கத்துவான்னு டீச்சர் நேத்தே சொல்லிட்டாங்க."

அவர்கள் ஏறினார்கள். ஃபாங் டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. எல்லோரும் ஏறி முடித்ததும், தானும் ஏறுவதற்காக ஒரு காலைப் படியில் வைத்தார். கடை வாசலில் மான்லி தடியை ஊன்றி எழுந்து நின்றாள்.

அப்போது பஸ்ஸுக்குள் கேட்ட பேச்சும் சிரிப்பும் நின்றன.

யாரோ கையால் வாயைப் பொத்தியதுபோல் நின்றன.

சற்றுமுன் சிரித்த அதே பெண் வாசலுக்கு வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், பின்னாடி இருக்கற அக்கா எங்கள எறங்கச் சொல்றாங்க."

"எந்த அக்கா?" என்றார் ஃபாங் டீச்சர்.

அவள் அவரைத் தாண்டி இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அப்புறம் ஒவ்வொருத்தியாக எல்லோரும் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கி வந்து வெயிலில் நின்றார்கள். ஃபாங் டீச்சர் படியில் வைத்த காலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

டிரைவர் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தார். நன்றாகத் தலையைத் திருப்பியும் ஒருமுறை பார்த்தார். அவருக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது.

"டீச்சர், கடைசி சீட்டுல இன்னும் ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. எறங்கமாட்டேங்குது. நீங்க ஏறினாத்தான் வண்டிய எடுக்கணுமாம்."

நான் கடைசி சீட்டு ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு யாரும் தெரியவில்லை. ஆனால் வெயிலில் நின்ற பெண்கள், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, அந்த ஜன்னலைப் பார்த்துக் கையசைக்க ஆரம்பித்தார்கள்.